அண்ணனை ரூம்ல போட்டுப் பூட்டினா குடி நிக்குமா?

9 அக்டோபர் 2025, இரவு 9:20
கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்துல இருந்து

எங்க அண்ணனுக்கு 34 வயசு, கேப் ஓட்டறான். ஆறு வருஷமா குடி. இப்ப காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே ஒரு நைன்டி (90 மில்லி சரக்கு) வேணும். இல்லேன்னா கை ஆடுது, டீ கிளாஸைப் பிடிக்க முடியல. தாய்மாமா கே.ஜி.எஃப்-ல (கோலார் தங்க வயல்) இருந்து வந்திருக்கார். "தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, ரூம்ல போட்டுப் பூட்டுங்க. மூணு நாள் கத்துவான், நாலாம் நாள் தெளிஞ்சிருவான்"ங்கிறார். அம்மாவும் சரின்னுட்டாங்க. யாரோ ஏ.ஏ. மீட்டிங்னு (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கறவங்க கூடற கூட்டம்) சொன்னாங்க. குடிக்கறவங்க நாலு பேர் வட்டமா உக்காந்து பேசினா எப்படிக் குடி நிக்கும்? பூட்டறதே மேல்னு எனக்கும் தோணுது. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

9 அக்டோபர், இரவு 9:50
பதில்: அல்சூர் டெய்லர்

பூட்டாதீங்க. காலையில கை ஆடுதுன்னு நீயே எழுதியிருக்கே, அதுக்காகத்தான் சொல்றேன். அந்த உடம்பு சாராயத்தை வச்சுத்தான் ஓடிட்டு இருக்கு. திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், உயிரே போகலாம். நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மீதியை அப்புறம் எழுதறேன், பிளவுஸ் ஒண்ணு முடிக்கணும்.

9 அக்டோபர், இரவு 11:40

முடிச்சுட்டேன். இப்ப முழுசா சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். 2020-ல ஒரு நாளைக்கு நாலு நைன்டி. டாக்டர் பின்னாடி கணக்குப் போட்டுச் சொன்னார்: நம்ம ஊர் விஸ்கி 42.8 சதவீதம், ஒரு நைன்டி பாக்கெட்ல சுத்தமான ஆல்கஹால் மட்டும் 30 கிராம், நாலுன்னா 120 கிராம். பத்து வருஷமா தினமும் 120 கிராம்.

மார்ச் 25 ஊரடங்கு வந்துச்சு. வைன் ஷாப் எல்லாம் மூடிட்டாங்க. ஊரே பயந்து கிடக்க, நான் மட்டும் சாமிக்கு விளக்கேத்தினேன். கவர்மென்ட்டே பூட்டிடுச்சு, இனி இவர் எங்க போய்க் குடிப்பார்னு. உங்க மாமா சொல்றதைத்தான் அன்னைக்கு நானும் நினைச்சேன்.

ஒளிச்சு வச்சிருந்த ரெண்டு பாக்கெட்டை 25 ராத்திரியே முடிச்சுட்டார். 26 காலையில இருந்து நடுக்கம், வேர்வை, வாந்தி. 27 காலையில பாத்ரூம் வாசல்ல விழுந்து கை கால் இழுத்துக்கிச்சு, நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. அப்பவும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. கொரோனா பயம், போலீஸ் பயம். "சரக்கு இறங்குது, அப்படித்தான் இருக்கும்"னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.

28 ராத்திரி எழுந்து பார்க்கறேன், மனுஷன் தையல் மிஷின் கீழ குத்த வச்சு உக்காந்திருக்கார். தரையில கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொண்ணா ரெண்டு விரலால கிள்ளி எடுத்து ஒரு தட்டுல போடறார். "புழு, புழு, பாப்பா மேல ஏறிடும்"ங்கறார். சிவப்பு நூல், பச்சை நூல், எல்லாம் அவர் கண்ணுக்குப் புழு. நான் யாருன்னு தெரியல. உடம்பு கொதிக்குது, நெஞ்சு அடிக்கறது சட்டைக்கு மேலயே தெரியுது. கீழ் வீட்டு ஆட்டோ அண்ணன் போலீஸ்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரி சேர்த்தார். ஒன்பது நாள்.

நாலாம் நாள் தெளிஞ்சிருவான்னு சொல்றாங்களே, அந்த நாலாம் நாளுக்கு உயிரோட இருக்கணும் இல்ல?

10 அக்டோபர், காலை 6:30

விட்டுப்போனது. கடைசியா குடிச்சு ஆறு எட்டு மணி நேரத்துல நடுக்கம் ஆரம்பிக்கும். ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள. கண்ணுக்கு இல்லாதது தெரியறது, ஆள் புரியாம பேசறது எல்லாம் ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாள் வரைக்கும். ஆஸ்பத்திரியில அதுக்குன்னு மாத்திரை குடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைச்சுட்டே வருவாங்க. கூடவே பி1 வைட்டமின் ஊசி. தெரு முனைக் கிளினிக்ல போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெளிஞ்சிரும்"னு சொல்லாதே. பி1 வத்திப்போன உடம்புல அது இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளைக்கே கேடு வரலாம். நடை தள்ளாடும், கண் நிலையா நிக்காது, ஞாபகம் போகும், போனது சில பேருக்குத் திரும்ப வராது.

ஓசூர் ரோட்டுல நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில போதை மருத்துவத்துக்குன்னே தனி மையம் இருக்கு. எமர்ஜென்சி 24 மணி நேரமும் உண்டு. முதல்ல யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், கவர்மென்ட்டோட மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். போதைக்குன்னு தனியா 14446-ம் இருக்கு.

அதுவரைக்கும் அவன் கையில இருக்கறதைப் பிடுங்காதே. இதை ஒரு பொம்பளை சொல்றது உனக்கு விநோதமா இருக்கலாம். டாக்டர் பார்க்கற வரைக்கும்னுதான் சொல்றேன்.

12 அக்டோபர், மதியம் 2:10

அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன்னு எழுதியிருக்கே. வயிறு நிறைஞ்சுது தங்கச்சி. மாமாகிட்ட கோபப்படாதே, அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான். எங்க மாமனாரும் கே.ஜி.எஃப்-காரர்தான், சாம்பியன் ரீஃப். 2001-ல சுரங்கத்தை மூடினப்புறம் அந்த லைன் வீடுகள்ல எத்தனை ஆம்பளைங்க பாக்கெட் சாராயத்துல போனாங்கன்னு உங்க மாமா கண்ணால பார்த்திருப்பார்.

12 அக்டோபர், இரவு 10:15

உன் ரெண்டாவது கேள்விக்கு வரேன். டாக்டர்தான் சரி பண்ணிடறாரே, அப்புறம் மீட்டிங் எதுக்குன்னு கேட்டிருக்கே.

எங்க வீட்டுக்காரர் ஏப்ரல்ல ஆஸ்பத்திரியில இருந்து வந்தார். சொட்டு கிடையாது. கை நடுக்கம் போச்சு, சாப்பாடு இறங்குச்சு, பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தார். மே 4-ம் தேதி கடையைத் திறந்தாங்க. டி.வி.யில நீங்களும் பார்த்திருப்பீங்க, காலையிலயே ஜனம் வரிசையில. நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கீழ ரோட்டுல ஆறடிக்கு ஒரு வட்டம் சாக்பீஸ்ல போட்டிருக்காங்க. ஏழாவதோ எட்டாவதோ வட்டத்துக்குள்ள எங்க வீட்டுக்காரர், மாஸ்க் போட்டுக்கிட்டு நிக்கறார். கையில நான் காய்கறிக்குக் குடுத்த பை.

முப்பத்தஞ்சு நாளைக்கு மேல உடம்புல சாராயம் இல்ல. நடுக்கம் இல்ல. உடம்பு கேக்கல. அப்ப யாரு அவரைக் கொண்டுபோய் அந்த வட்டத்துக்குள்ள நிறுத்தினது? இதுக்கு டாக்டர்கிட்ட ஊசி இல்ல. அந்த வட்டத்துல நின்னு பழக்கப்பட்ட இன்னொருத்தனுக்குத்தான் தெரியும்.

ஒரே வாரம். பழையபடி நாலு.

13 அக்டோபர், காலை 7:00

மீட்டிங்குக்கு முன்னாடி நான் பண்ணின ரெண்டு தப்பைச் சொல்லிடறேன். நீ பண்ணாம இருக்கணும்.

அந்த வருஷம் நவம்பர்ல ஒரு அம்மா மாத்திரை குடுத்தாங்க. "பொடி பண்ணி ரசத்துல கலந்துடு, குடிச்சா வாந்தி வரும், தன்னால வெறுத்துடுவார்"னாங்க. டைசல்ஃபிராம். அவருக்குத் தெரியாம நாலு நாள் கலந்தேன். அஞ்சாம் நாள் அவர் கடையில குடிச்சுட்டு வர்ற வழியில முகம் ரத்தமா சிவந்து, மூச்சு வாங்கி, அல்சூர் ஏரி ஓரமா, திருவள்ளுவர் சிலைப் பக்கம் விழுந்துட்டார். பி.பி. அடியோட இறங்கிடுச்சு. யாரோ முகம் தெரியாத பையன் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் கேட்டப்ப உண்மையைச் சொல்லிட்டேன். பக்கத்துல அவர் கேட்டுட்டு இருந்தார். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என் கையால சமைச்சதை அவர் தொடல. வாழைப்பழம் வாங்கி வந்து, தானே உரிச்சுச் சாப்பிடுவார். உரிக்காத பழத்துக்குள்ள எதையும் கலக்க முடியாது இல்ல. எதிர்ல உக்காந்து அந்தத் தோலைப் பார்த்துட்டே இருப்பேன். பதினாலு வருஷக் கல்யாணத்துல அவர் அடிச்ச ரெண்டு அடி வலிக்காத அளவுக்கு அது வலிச்சுது.

ரெண்டாவது, ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையம். பேர் எழுத மாட்டேன். வேன் எடுத்துட்டு வந்து தூங்கறவரைத் தூக்கிட்டுப் போனாங்க. மாசம் இவ்வளவுன்னு நகையை வச்சுக் கட்டினேன். பார்க்க விடல. முப்பது நாள் கழிச்சு வந்தப்ப முதுகுல பைப்பால அடிச்ச தழும்பு. 2017 மனநலச் சட்டத்துல குடிநோயும் அடக்கம், நோயாளியைச் சங்கிலி போட்டுக் கட்டக்கூடாது, கொடுமைப்படுத்தக்கூடாதுன்னு இருக்குன்னு எனக்கு அப்ப தெரியாது. எந்த மையமா இருந்தாலும் உள்ள போய்ப் பாரு. டாக்டர் தினம் வர்றாரா, குடும்பத்தைப் பார்க்க விடறாங்களா, பதிவு இருக்கான்னு கேளு. கேட்டதுக்கு முகம் சுளிச்சா திரும்பி வந்துடு.

13 அக்டோபர், காலை 11:30

மேல எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர், "அப்ப அந்த மாத்திரையே விஷமா?"ன்னு கேட்டிருக்கார். இல்லங்க. நான் எழுதினது அப்படி அர்த்தம் குடுத்திருந்தா தப்பு என்னோடது. தெரிஞ்சு, சம்மதிச்சு, கல்லீரல் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொல்லி, வீட்டுல ஒருத்தர் கண் முன்னாடி முழுங்கினா அது பல பேருக்கு உதவியிருக்கு. எங்க ஏ.ஏ. குழுவுலயே மூணு பேர். குடிக்கற ஆசையைக் குறைக்கற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட்டும் இருக்கு. திருட்டுத்தனமா கலந்ததுதான் விஷம்.

15 அக்டோபர், இரவு 11:05

மீட்டிங்.

2021 பிப்ரவரி. ஆட்டோ அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், கே.ஜி.எஃப்-காரர், ஆர்மி கேன்டீன்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், வீட்டுக்கு வந்தார். அறிவுரை சொல்வார்னு நான் காபி போட உள்ளே போனேன். அவர் சொல்லவே இல்ல. தன் கதையைச் சொன்னார். பொண்ணு கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து ஜெனரேட்டர் ரூம்ல குடிச்சுட்டு விழுந்து கிடந்து, தாலி கட்டினதைப் பார்க்காம போனதை. பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க்ல பாட்டிலை முக்கி வைக்கறதை. எங்க வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார். "நான் இவளோட வெட்டுத்துணி மூட்டையில வைப்பேன்"னார். பத்து வருஷமா நான் தேடிட்டு இருந்த இடம். என் கால்மாட்டுலயே இருந்த மூட்டை.

நான் தட்டிக் கேட்டப்ப, அழுதப்ப, தீக்குளிப்பேன்னு மிரட்டினப்ப வாயில இருந்து வராத வார்த்தை, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள்கிட்ட அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு.

அந்த மீட்டிங் ஒரு சர்ச் ஸ்கூலோட கிளாஸ்ரூம்ல நடக்கும். சின்னப் பசங்க பெஞ்ச், முட்டி இடிக்கும். பேர் மட்டும் சொல்வாங்க, அப்பா பேர், ஜாதி, வேலை எதுவும் கிடையாது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், யாருக்கு எது வருதோ அதுல. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேச மாட்டாங்க, பதிலும் சொல்ல மாட்டாங்க. கட்டணம் இல்ல. கடைசியில ஒரு பை சுத்தி வரும், முடிஞ்சதைப் போடலாம். வெளியார்கிட்ட நன்கொடை வாங்கறதே இல்லைன்னு அவங்களுக்கு ஒரு மரபு. சேரறதுக்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தணும்கற ஆசை. நிறுத்தியிருக்கணும்னுகூட இல்ல.

பெரியவர்தான் இவருக்கு ஸ்பான்சர், அதாவது முன்னாடியே குடியை விட்டு, புதுசா வர்றவருக்குத் துணையா நிக்கறவர். அவர் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு: சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன். சைட்ல இருந்து இறங்கி, கால் தன்னால கடைப் பக்கம் திரும்பற நேரம் அது. ஒரு நாள் இவர் கடை வாசல்ல நின்னே போன் பண்ணியிருக்கார். "கடை வாசல்ல நிக்கறேன்"னு. அவர் திட்டல. "சரி, எதிர்ல டீக்கடை இருக்கா? அங்க போய் உக்காரு, போனை வைக்காதே"ன்னு சிவாஜிநகர்ல இருந்து பஸ் ஏறி வர்ற நாப்பது நிமிஷமும் பேசிட்டே வந்திருக்கார்.

அந்தக் கூட்டம் பிறந்த கதையே இதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது. 1935-ல அமெரிக்காவுல அக்ரன்னு ஒரு ஊர். நியூயார்க்ல இருந்து வேலையா வந்த பில்னு, குடியை விட்ட ஒருத்தர், ஒரு ஓட்டல் வராண்டாவுல நிக்கறார், வந்த வேலை தோத்துப்போச்சு, பக்கத்துல பார் சத்தம் கேக்குது. குடிச்சுடுவோம்னு பயம் வந்து, இன்னொரு குடிநோயாளி யாராவது இருக்காங்களான்னு போன் மேல போன் போடறார். அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப். அந்த டாக்டர் கடைசியா குடிச்ச ஜூன் 10-ம் தேதியைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளா வச்சிருக்காங்க.

அப்ப இருந்து நாலரை வருஷமா எங்க வீட்டுல சாராய வாடை இல்ல.

16 அக்டோபர், காலை 6:10

திருத்தம். ராத்திரி எழுதினதை எங்க வீட்டுக்காரர் படிச்சார். அவர் சம்மதத்தோடதான் எல்லாம் எழுதறேன். கடைசி வரியை விரலால தொட்டு, "இது பொய்"னார்.

2022 ஜூலைல மாமியார் தவறினாங்க. கருமாதிக்கு ஊருக்குப் போனவர் மூணு நாள் குடிச்சார். நாலாம் நாள் நேரா மீட்டிங்குக்குப் போய், எல்லார் முன்னாடியும் "இன்னைக்கு எனக்கு முதல் நாள்"னு சொன்னார். அன்னைக்கு 19-ம் தேதி. அதனால மூணு வருஷம் மூணு மாசம்தான். நான் கணக்குல அதை விட்டது வெக்கத்துனால. அவருக்கு அந்த வெக்கம் இல்ல.

16 அக்டோபர், இரவு 9:40

ஆதாரம் கேட்டிருக்கீங்க ஒரு அண்ணன், "நாலு பேர் கதை வேண்டாம், ஆராய்ச்சி இருக்கா"ன்னு. செகண்ட் பியூசி (பன்னெண்டாவது) படிக்கிற என் மக தேடிப் படிச்சுச் சொன்னா. காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசற ஒரு அமைப்பு, அவங்களோட ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு 2020-ல வந்திருக்கு. 27 ஆய்வு, 10,565 பேர். மருத்துவமனையில இருந்தே முறையா இந்தக் கூட்டங்களுக்குப் பழக்கி அனுப்பினவங்க, தொடர்ந்து குடிக்காம இருக்கறதுல மத்த மனநலச் சிகிச்சை எடுத்தவங்களைவிட மேலா இருந்திருக்காங்க. எல்லாருக்கும் ஒத்து வரும்னு நான் சொல்லல. எங்க குழுவுக்கு வந்து நின்னுபோன முகங்களும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒருத்தருக்கு 41 வயசு. கல்லீரல் சுருங்கி, வயித்துல நீர் கோத்து, ஒரு விடியக்காலை ரத்தமா வாந்தி எடுத்துப் போயிட்டார். மூணு மீட்டிங் வந்திருந்தார்.

2019-ல வந்த மத்திய அரசு சர்வேயில இன்னொண்ணு இருக்கு. குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதோ ஒரு சிகிச்சை எடுத்திருக்காங்க. உங்க அண்ணன் அந்த ஒருத்தர், தங்கச்சி.

21 அக்டோபர், காலை 8:00

தீபாவளி ஆஸ்பத்திரியில போச்சுன்னு அம்மா அழறாங்களா? எங்க வீட்டுல குடியோட போன பத்து தீபாவளியைச் சொல்லட்டுமா? ஒண்ணுல பாப்பாவோட புதுப் பாவாடையை வித்துட்டார். அழுதா அழட்டும், இட்லி கட்டிக் குடுத்து அனுப்பு.

2 நவம்பர், இரவு 10:20

அண்ணன் ஒரு மீட்டிங் போயிட்டு வந்து, "சாமி பத்திப் பேசறாங்க, எனக்கு ஆகாது"ன்னானா? ஸ்பான்சர் பெரியவர் கருப்புச் சட்டைக்காரர். கோயில் வாசப்படி மிதிக்காதவர். "நமக்கு மேற்பட்ட சக்தின்னா எனக்கு இந்த பெஞ்ச்ல உக்காந்திருக்கற பதினெட்டு பேர்தான், என்னைவிடப் பெரியவங்க"ம்பார். அண்ணன்கிட்ட இதைச் சொல்லு. ஆறு மீட்டிங் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

17 நவம்பர், காலை 5:50

கார்த்திகை பிறந்தாச்சு. மாலை போட்டுட்டா நின்னுடும்னு அம்மா சொல்றாங்கன்னு எழுதியிருக்கே. நான் ஐயப்பனைக் குறை சொல்ல மாட்டேன், எங்க வீட்டுலயும் போட்டிருக்கார். ஒரு மண்டலம் சாமி சாமின்னு இருந்து, மலை இறங்கி வர்ற வேன்லயே குடிச்சார். போடறதா இருந்தா போடட்டும், மீட்டிங்கை விடாம போடட்டும். மாலை கழட்டற அன்னைக்கு ஸ்பான்சர் கூட இருக்கட்டும். இன்னொண்ணு, இதைப் படிக்கற மத்தவங்களுக்கு: தினமும் காலையில குடிச்சுட்டு இருக்கறவர் மாலைக்காகத் திடீர்னு நிறுத்தினாலும் ஃபிட்ஸ் வரலாம். விரதத்துக்கு முன்னாடி டாக்டர்.

29 நவம்பர், இரவு 11:50

உன் மெசேஜ் பார்த்தேன். குடிச்சுட்டானா. சரி.

30 நவம்பர், காலை 7:15

நேத்து அவசரத்துல ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதே. எனக்கும் பழசு எல்லாம் வந்துடுச்சு.

சீட்டுக்கு அடியில தேடினேன், டேஷ்போர்டுல தேடினேன், மூணு காலி பாக்கெட் கிடைச்சுது, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்னு எழுதியிருக்கே. அதைப் படிச்சுட்டுத்தான் தூக்கம் வரல. படி ஏறி வர்ற சத்தத்தை வச்சே ரெண்டா நாலான்னு சொல்லிடுவேன் நான். பாட்டில்ல நெயில் பாலிஷ்ல கோடு போடுவேன். கஸ்டமர் அளவுச் சீட்டுக்குப் பின்னாடி அவர் எத்தனை குடிச்சார்னு தேதி போட்டு எழுதி வச்சிருந்தேன், மூணு நோட்டு. பாப்பாவுக்கு அந்த வருஷம் என்ன மார்க்னு கேட்டா எனக்குத் தெரியாது.

குடும்பத்தாருக்குன்னு தனிக் கூட்டம் இருக்கு, அல்-அனான். 1951-ல, ஏ.ஏ. தொடங்கின பில்லோட மனைவி லோயிஸ் இன்னொரு அம்மாவோட சேர்ந்து தொடங்கினது. அங்க முதல் நாள் ஒரு அம்மா மூணு வாக்கியம் சொன்னாங்க. நான் இதுக்குக் காரணம் இல்ல. என்னால இதைக் கட்டுப்படுத்த முடியாது. என்னால இதைக் குணப்படுத்த முடியாது. ரெண்டாவதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துச்சு. அப்ப நான் பத்து வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தேன்னு எழுந்து வெளிய வந்துட்டேன். மறுவாரம் போனேன்.

அந்த மூணு நோட்டும் இன்னும் என்கிட்ட இருக்கு. கிழிக்கல. எங்க வீட்டுக்காரர் அதைப் படிச்சதில்ல, கேட்டதும் இல்ல.

4 டிசம்பர், மாலை 5:30

அண்ணன் வர மாட்டேங்கறான், நான் மட்டும் வந்து என்ன பண்றதுன்னு கேக்கறே. நீ உனக்காக வா. அவன் வர்ற அன்னைக்கு வரட்டும். எங்க வீட்டுல நான் ஒரு மாசம் முந்திப் போனேன், அவர் அப்புறம்தான் வந்தார். அதுக்காகத்தான் வந்தார்னு சொல்ல வரல. நான் தூங்க ஆரம்பிச்சேன், அவ்வளவுதான்.

6 டிசம்பர், காலை 9:00

இடத்தைத் தனியா அனுப்பியிருக்கேன். இங்க எழுதல, வர்றவங்க முகம் வெளிய தெரியக்கூடாது. பஸ்ல இருந்து இறங்கினதும் பூக்கடை, அதை ஒட்டி இரும்பு கேட். உள்ள மாடிப்படி இருட்டா இருக்கும், மூணாவது படி கொஞ்சம் உடைஞ்சிருக்கு, பார்த்து ஏறு. நான் கேட் கிட்டயே நிப்பேன், தோள்ல டேப் தொங்கும், கழட்ட மறந்துதான் வருவேன் எப்பவும். ஆறு மணிக்கு ஆரம்பம். அஞ்சே முக்காலுக்கே வந்துடு, டீ சூடா இருக்கும்.